"சுருக்கம் எழுது" என்பதற்குப் பதிலாக: சுயவாசிப்புக்கு நான்கு செயற்பாடுகள்

ஒக்டோபரில் தேசிய வாசிப்பு மாதம் வந்தால் வன்னிப் பாடசாலைகளிலும் பதாகை ஏறும், பேச்சுப் போட்டி நடக்கும், பிரிஸ்டல் போர்ட்டில் படம் ஒட்டப்படும். நவம்பர் மழையோடு எல்லாம் கழன்று விழும். மற்ற மாதங்களில் பிள்ளை ஒரு புத்தகத்தை வாசித்து முடித்தால் கிடைப்பது ஒரே கட்டளைதான்: "சுருக்கம் எழுது." பின்னட்டையைப் பார்த்து ஆறு வரி எழுதிக் கொப்பியை நீட்டிவிடுவார்கள். பிள்ளையைக் குறை சொல்லிப் பயனில்லை, வேலையே அப்படி.

எந்தச் செயற்பாட்டையும் கொடுக்கமுன் ஒரு சோதனை செய்து பாருங்கள். புத்தகத்தைத் திறக்காமலே இதைச் செய்து முடிக்கலாமா? முடியும் என்றால் அதை விட்டுவிடலாம். "அட்டைப்படத்தைப் பார்த்துக் கீறு" இதில் தோற்றுவிடும். கீழே உள்ளவை தரம் 4 முதல் 9 வரை பொருந்தும். பல தரத்துப் பிள்ளைகள் ஒரே அறையில் இருந்தாலும் செய்யலாம், ஏனென்றால் ஆளுக்கொரு புத்தகம் என்பதே இதன் அடிப்படை.

வாசிக்கும்போது: குறிப்புத் துண்டு

ஒரு A4 தாளை நீளவாக்கில் இரண்டு தடவை மடித்து வெட்டினால் ஏறக்குறைய 5 செ.மீ. அகலத்தில் நான்கு துண்டுகள் வரும். பழைய கலண்டர் தாளின் பின்பக்கமும் போதும். ஒரு பிள்ளைக்கு ஒரு துண்டு. அதுவே பக்க அடையாளமாகவும் இருக்கும். துண்டில் பக்க எண்ணை எழுதி, அந்த எண்ணுக்கு அருகில் ஒரு குறி: விளங்காத இடத்துக்கு ?, திடுக்கிட்ட இடத்துக்கு !, "எங்கட ஊரிலயும் இப்பிடித்தான்" என்று தோன்றும் இடத்துக்கு =. குறிக்குப் பிறகு நாலைந்து சொற்கள்.

20 நிமிட வாசிப்புக்கு மூன்று குறிகள் போதும். பத்துக் கேட்டால் பிள்ளை கதையை விட்டுவிட்டுக் குறி போட இடம் தேடத் தொடங்கும். இந்தத் துண்டைத் தவிர்க்க வேண்டாம். அடுத்து வரும் எல்லாவற்றுக்கும் மூலப்பொருள் இதுதான்.

ஒற்றைத் தாள் புத்தகம்

ஒரு A4 தாளும் ஒரு கத்தரிக்கோலும் இருந்தால் எட்டுப் பக்கப் புத்தகம் கிடைக்கும். பசையும் வேண்டாம், ஸ்ரேப்ளரும் வேண்டாம்.

1. தாளை நீளவாக்கில் பாதியாக மடித்து விரியுங்கள்.
2. குறுக்கே பாதியாக மடித்து விரியுங்கள். பிறகு இரு குறுகிய ஓரங்களையும் நடுக்கோட்டுக்குக் கொண்டுவந்து மடித்து விரியுங்கள். இப்போது 7.4 × 10.5 செ.மீ. அளவில் எட்டுக் கட்டங்கள் தெரியும்.
3. மீண்டும் குறுக்கே பாதியாக மடியுங்கள். மடிப்பு உள்ள ஓரத்திலிருந்து, முதற்படியில் விழுந்த நீளவாக்குக் கோட்டின் வழியே ஒரு கட்டம் மட்டும், அடுத்த மடிப்புக் கோடு வரை, வெட்டுங்கள்.
4. விரித்து, நீளவாக்கில் மடித்து, இரு முனைகளையும் பிடித்து உள்ளே தள்ளுங்கள். வெட்டு வாய் திறந்து, மேலிருந்து பார்க்கக் கூட்டல் குறி போல நிற்கும். பக்கங்களை ஒருபக்கமாகச் சாய்த்து அழுத்தினால் புத்தகம்.

பிழைக்கும் இடம் மூன்றாவது படிதான். திறந்த ஓரத்திலிருந்து வெட்டிவிட்டால் நடு ஒட்டியபடியே இருக்க, இரு முனைகளும் பிளந்துவிடும். அந்தத் தாள் இனிக் குறிப்புத் துண்டுக்குத்தான். வெட்டமுன் எல்லோரும் மடிப்பு ஓரத்தை மேலே உயர்த்திக் காட்டச் சொல்லுங்கள். இன்னொன்று: மடித்து முடித்த பிறகே பென்சிலால் பக்க எண் போட வேண்டும். விரித்த தாளில் ஒரு வரிசை தலைகீழாக இருக்கும். முதலே எழுதியவரின் கதை பாதியில் குப்புறக் கிடக்கும்.

முதற்பக்கம் அட்டை. 2, 3இல் யாருக்கு என்ன தேவைப்பட்டது, எது தடுத்தது. 4, 5 சேர்ந்த நடுப்பக்கத்தில் ஒரே ஒரு காட்சி, குறிப்புத் துண்டில் "!" போட்ட இடங்களில் ஒன்றைத் தெரிந்தெடுத்து, எழுதியோ கீறியோ. 6இல் ஒரு புதுச்சொல், அது வந்த வசனத்தோடு. 7இல் ? போட்ட கேள்வி. பின்னட்டையில், இதை யாரிடம் வாசிக்கக் கொடுப்பாய், ஏன்? "எல்லோரும் வாசிக்கலாம்" என்ற விடையை ஏற்க வேண்டாம். ஓர் ஆளைச் சொல்ல வேண்டும்.

பாத்திரத்தின் கடிதம்

கதையில் வரும் ஒருவர் இன்னொருவருக்கு எழுதுவது. காகம், நரி, வடைக் கதையையே எடுத்துக் காட்டலாம். "நரியே, நீ கெட்டவன், இனி ஏமாற்றாதே" என்று வந்தால் அது பிள்ளையின் கடிதமல்ல, பாடப்புத்தகத்தின் குரல். "என் குரல் நல்லதென்று இதுவரை யாரும் சொன்னதில்லை. அதனால்தான் வாயில் இருந்ததை மறந்தேன்" என்று வந்தால் காகம் பேசுகிறது. முதல் வகைதான் முதலில் வரும். அப்போது ஒரு கேள்வி மட்டும் கேளுங்கள்: "அந்த நேரம் காகத்துக்கு உள்ளுக்குள்ள என்ன நடந்திருக்கும்?" எட்டு வரி போதும். எழுத்துப் பிழைக்குச் சிவப்புப் பேனையை அன்றைக்கு எடுக்காதீர்கள்.

கதை வரைபடம்

கதை நடந்த இடங்களைக் கீறி, ஒவ்வோர் இடத்தின் பக்கத்திலும் புத்தகத்தின் பக்க எண்ணைப் போட வேண்டும். கதை பனி பெய்யும் நாட்டில் நடந்தாலும் குளக்கட்டும் வாய்க்காலும் பனைமரமும் முளைத்துவிடும். அழிக்கச் சொல்ல வேண்டாம். "இந்தக் குளம் எத்தனையாம் பக்கத்தில வருது?" என்று கேளுங்கள். தேடப் போகும் பிள்ளை அந்தப் பக்கங்களை இரண்டாம் முறை வாசித்துவிடும். படத்தின் அழகுக்குப் புள்ளி போட்டால் கீறத் தெரிந்த நாலு பேரே எப்போதும் முன்னுக்கு நிற்பார்கள். பக்க எண் சரியா என்று மட்டும் பாருங்கள்.

செய்ததைக் காட்சிக்கு வைக்க, அரைச்சுவர் வகுப்பறையில் சுவரில் ஒட்டுவது வீண். காற்று ஒரு பக்கம், சாரல் ஒரு பக்கம். இரண்டு தூண்களுக்கு இடையில் பிள்ளையின் கண் மட்டத்தில் கயிறு கட்டி, உடுப்புக் கிளிப்பால் கொழுவுங்கள். பின்னேரம் கழற்றி மூடியுள்ள பிஸ்கற் ரின்னில் போட வேண்டும். அலுமாரியின் அடித்தட்டில் விட்டால் மாரி முடியமுன் கறையான் வாசித்து முடித்துவிடும்.