கடுமையான ஆஸ்துமாவைக் கையாள்வது எப்படி? நல்ல நாட்களில் செய்ய வேண்டியவை

இழுப்பு இல்லாத நாளில் நோயும் இல்லை என்று எண்ணி மருந்தை நிறுத்திவிடுவதுதான் ஆஸ்துமா உள்ளவர்கள் செய்யும் பெரிய பிழை. நானும் பல ஆண்டுகள் அப்படித்தான் இருந்தேன். மார்கழிக் குளிரில் இரவு இரண்டு மணிக்கு எழுந்து உட்கார்ந்து மூச்சுக்குத் தவிக்கும்போதுதான் இன்ஹேலரைத் தேடுவேன். மூச்சுக்குழாயின் உட்சுவரில் உள்ள அழற்சி, வீசிங் சத்தம் அடங்கிய பிறகும் நீடிக்கிறது என்பதை யாரும் எனக்கு விளங்கும்படி சொல்லவில்லை. அந்த அழற்சி இருக்கும்வரை, சிறிது புகையோ தூசியோ பட்டாலும் குழாயைச் சுற்றியுள்ள தசை இறுகி, உட்சுவர் வீங்கி, சளி கட்டி, காற்றுப் போகும் வழி அடைபட்டுவிடும். ஆகவே இந்த நோயைக் கையாளும் வேலையில் பெரும்பகுதி, மூச்சு சீராக இருக்கும் நாட்களில் செய்யப்படுவது.

முதலில் உங்களிடம் இருக்கும் மருந்துகளைப் பிரித்து அறிந்துகொள்ளுங்கள். சால்புட்டமால் போன்றவை உடனடி நிவாரணி. சில நிமிடங்களில் தசையைத் தளர்த்தி, நான்கு முதல் ஆறு மணி நேரம் வரை வேலை செய்யும், ஆனால் அழற்சியைத் தொடாது. புடெசோனைடு, ஃப்ளூட்டிகசோன் போன்ற ஸ்டீராய்டு இன்ஹேலர்கள்தாம் அழற்சியைக் குறைப்பவை. அவற்றின் முழுப் பலன் தெரிய சில வாரங்கள் ஆகலாம் என்பதால் பலர் ‘இது வேலை செய்யவில்லை’ என்று கைவிட்டுவிடுகிறார்கள். நிவாரணியை மட்டும் வைத்து ஆஸ்துமாவைச் சமாளிப்பதைப் பன்னாட்டு ஆஸ்துமா வழிகாட்டுதல்கள் 2019 முதல் பரிந்துரைப்பதில்லை. 200 அழுத்தல்கள் கொண்ட நிவாரணி இன்ஹேலரை ஓராண்டில் மூன்று முறை வாங்கியிருந்தால், நோய் உங்கள் கட்டுப்பாட்டில் இல்லை என்று கொள்ள வேண்டும். மூச்சுக்குழாய்த் தசையை நெடுநேரம் தளர்த்தும் ஃபார்மோட்டரால் கலந்த ஸ்டீராய்டு இன்ஹேலரை அன்றாட மருந்தாகவும் நிவாரணியாகவும் பயன்படுத்தச் சில நோயாளிகளுக்கு மருத்துவர் சொல்வதுண்டு. அதே வகையைச் சேர்ந்த சால்மெட்டரால் கலந்ததை அப்படிப் பயன்படுத்தக் கூடாது. உங்களுடையது எது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

இன்ஹேலர் பழக்கமாகிவிடும், அது கடைசிக் கட்ட மருந்து என்ற பேச்சு இன்னும் வீடுகளில் இருக்கிறது. கணக்குப் பார்த்தால் அந்த அச்சம் நிற்காது. சால்புட்டமால் இன்ஹேலரை ஒருமுறை அழுத்தினால் வருவது 100 மைக்ரோகிராம். அதே மருந்தின் ஒரு மாத்திரையில் இருப்பது 4 மில்லிகிராம், அதாவது 40 மடங்கு. மாத்திரை உடல் முழுவதும் பரவி நெஞ்சுப் படபடப்பையும் கை நடுக்கத்தையும் கொண்டுவருகிறது. இன்ஹேலரோ தேவையான இடத்துக்கு நேராகப் போகிறது.

ஆனால் அது நேராகப் போய்ச் சேர, இழுக்கும் முறை சரியாக இருக்க வேண்டும். மருந்து போதவில்லை என்று சொல்பவர்களில் பலருக்கு உண்மையில் மருந்து தொண்டையிலேயே தங்கிவிடுகிறது. அழுத்தும் வகை இன்ஹேலரானால், மூடியைக் கழற்றிக் குலுக்கி, நிமிர்ந்து உட்கார்ந்து, மூச்சை முழுவதும் வெளியே விட்டபின் வாயில் வைத்து உதடுகளால் இறுக மூடி, மெதுவாக உள்ளிழுக்கத் தொடங்கும் அதே கணத்தில் ஒருமுறை அழுத்தி, தொடர்ந்து ஆழமாக இழுத்து, பத்து விநாடி மூச்சை அடக்க வேண்டும். இரண்டாவது அழுத்தலுக்கு முன் அரை நிமிடமாவது காத்திருந்து மறுபடியும் குலுக்குங்கள். கையும் மூச்சும் ஒத்துப்போவது பெரியவர்களுக்கே கடினம் என்பதால் இன்ஹேலரில் பொருத்தி, மருந்தைத் தேக்கி நிதானமாக இழுக்க உதவும் ஸ்பேசர் என்னும் குழாயைப் பயன்படுத்துவதே மேல். அதற்காக வெட்கப்பட வேண்டியதில்லை. ஸ்பேசரை வாரம் ஒருமுறை சோப்புத் தண்ணீரில் ஊறவைத்து, துணியால் துடைக்காமல் காற்றில் உலரவிடுங்கள். துடைத்தால் நிலைமின்சாரம் உண்டாகி மருந்து சுவரில் ஒட்டிக்கொள்ளும். கேப்சூல் போட்டு உறிஞ்சும் கருவிக்கு முறை நேர்மாறானது. அதை வேகமாகவும் பலமாகவும் இழுக்க வேண்டும். கருவிக்குள் மூச்சை வெளியே விட்டால் பொடி ஈரமாகிவிடும். அந்தக் கேப்சூலை விழுங்கிவிட்டு வரும் முதியவர்களும் இருக்கிறார்கள், வீட்டில் யாரேனும் ஒருமுறை பக்கத்தில் இருந்து பாருங்கள். ஸ்டீராய்டு எடுத்தபின் வாயைக் கொப்பளித்துத் துப்புவது வாயில் வெண்புண் வராமல் தடுக்கும். ஒவ்வொரு முறை மருத்துவரைப் பார்க்கும்போதும் இன்ஹேலரைக் கையோடு கொண்டுபோய் அவர் முன்னிலையில் இழுத்துக் காட்டுங்கள்.

அடுத்தது ஒரு நோட்டுப் புத்தகமும், ஊதும் மூச்சின் வேகத்தை அளக்கும் பீக் ஃப்ளோ மீட்டரும். கடுமையான ஆஸ்துமாவோடு நெடுநாள் இருப்பவர்களின் உடல் அடைப்புக்குப் பழகிவிடுகிறது. மூச்சு குறைவதை அவர்களால் உணர முடிவதில்லை, கருவி காட்டிவிடுகிறது. நன்றாக இருக்கும் இரண்டு வாரங்களில் காலையும் மாலையும் நின்றபடி மூன்று முறை பலமாக ஊதி, மூன்றில் உயர்ந்த எண்ணைக் குறித்துவாருங்கள். அந்த நாட்களின் உச்ச எண்தான் உங்கள் அளவுகோல். அது 400 என்றால், 320க்கு மேல் இருப்பது நல்லது; 200க்கும் 320க்கும் இடையில் இறங்கினால் எச்சரிக்கை; 200க்குக் கீழே போனால் ஆபத்து. இந்த மூன்று நிலைகளிலும் எந்த மருந்தை எவ்வளவு கூட்டுவது, எப்போது புறப்படுவது என்பதை மருத்துவரிடம் எழுதி வாங்கி, ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டிவையுங்கள். இரவில் மூச்சிரைப்பால் விழித்த நாட்களையும் நிவாரணி தேவைப்பட்ட தடவைகளையும் அதே நோட்டில் எழுதுங்கள்.

தூண்டும் பொருள்கள் நம் வீடுகளில் பல நல்ல பெயர்களோடு இருக்கின்றன. வெள்ளிக்கிழமை சாம்பிராணி, ஊதுபத்தி, கொசுவர்த்திச் சுருள், மிளகாய் தாளிக்கும் நெடி, பொங்கலுக்கு முந்தைய வெள்ளையடிப்பு, போகிப் புகை, தீபாவளிப் பட்டாசு ஆகிய எல்லாமே மூச்சுக்குழாயைச் சீண்டக்கூடியவை. பூஜையை விடச் சொல்லவில்லை. புகையில்லாமல் விளக்கேற்றினால் போதும் என்று வீட்டாரிடம் பேசுங்கள், கொசுவுக்கு வலை கட்டுங்கள். தலையணை உறைகளையும் விரிப்புகளையும் வாரந்தோறும் 60 டிகிரி சூட்டில் துவைத்தால் தூசிப்பூச்சி அழியும். தரையைப் பெருக்குவதைவிட ஈரத்துணியால் துடைப்பது நல்லது. சமையலறைக் கரப்பான்பூச்சியும் ஒவ்வாமைக்குப் பெரிய காரணம் என்பதைப் பலர் அறிவதில்லை. இவை எல்லாவற்றையும்விட அடிக்கடி நோயைக் கிளப்புவது சாதாரண வைரஸ் சளிக்காய்ச்சல்தான்; ஆகவே ஆண்டுதோறும் ஃப்ளூ தடுப்பூசி போட்டுக்கொள்ளுங்கள். அதே நேரம், சோதனையில் உறுதியாகாத ஒவ்வாமைக்காக வாழைப்பழம், தயிர், ஆரஞ்சு என்று வரிசையாக ஒதுக்கிக் குழந்தைகளை மெலியவைக்க வேண்டாம்.

மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் வலி மாத்திரையிலும் கவனம் வேண்டும். ஆஸ்பிரின், ஐபுப்ரோஃபென் ஆகியவை சிலருக்குக் கடும் இழுப்பைக் கொண்டுவரும், குறிப்பாக மூக்கில் சதை வளர்ச்சி உள்ளவர்களுக்கு. இரத்த அழுத்தத்துக்குத் தரப்படும் பீட்டா பிளாக்கர் மாத்திரையும், கண் அழுத்த நோய்க்கான டிமோலால் சொட்டு மருந்தும்கூட அப்படிச் செய்யக்கூடும். எந்த மருத்துவரிடம் போனாலும் ஆஸ்துமா இருப்பதை முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிடுங்கள். கருவுற்ற பெண்கள் அச்சத்தால் இன்ஹேலரை நிறுத்தக் கூடாது. கட்டுப்பாடற்ற ஆஸ்துமாவே தாய்க்கும் சிசுவுக்கும் பெரிய தீங்கு.

இவ்வளவும் ஒழுங்காகச் செய்து, அதிக அளவு ஸ்டீராய்டு கலந்த இன்ஹேலரைத் தவறாமல் எடுத்தும் நோய் அடங்கவில்லை என்றால்தான் அதைக் கடுமையான ஆஸ்துமா என்கிறார்கள். அந்த நிலையில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் நெஞ்சக நோய்ப் பிரிவுக்கோ, நுரையீரல் சிறப்பு மருத்துவரிடமோ சென்று, கூடவே இருக்கும் வேறு நோய்களைத் தேடச் சொல்லுங்கள். சைனஸ், வயிற்று அமிலம் மேலேறுதல், உடற்பருமன் ஆகியவை ஒருபுறம். ஆஸ்பெர்ஜில்லஸ் என்னும் பூஞ்சையால் நுரையீரலில் உண்டாகும் ஒவ்வாமை மறுபுறம். இது நம் நாட்டில் ஆஸ்துமா நோயாளிகளிடம் கணிசமாகக் காணப்படுகிறது, எக்ஸ்ரேயில் காசநோய் என்று தவறாகக் கொள்ளப்படுவதும் உண்டு. இரத்தத்தில் ஐஜிஇ என்னும் ஒவ்வாமைப் புரதத்தின் அளவும் இயோசினோஃபில் என்னும் வெள்ளணுக்களின் எண்ணிக்கையும் பார்ப்பார்கள். ப்ரெட்னிசோலோன் என்னும் ஸ்டீராய்டு மாத்திரை இயோசினோஃபிலைக் குறைத்துக் காட்டும் என்பதால், அது எடுத்திருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். இந்த முடிவுகளைப் பொறுத்தே ஒமலிஜுமாப், மெபோலிஜுமாப், பென்ராலிஜுமாப் போன்ற, அழற்சியின் குறிப்பிட்ட பாதையைத் தடுக்கும் உயிரியல் ஊசிகள் முடிவு செய்யப்படுகின்றன. இவற்றுள் முதலாவது 2003இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. இவற்றின் விலை மிக அதிகம். எல்லாருக்கும் பொருந்துவதும் இல்லை.

இழுப்பு கூடும்போது தரப்படும் ஸ்டீராய்டு மாத்திரை உயிர்காப்பது. பெரும்பாலும் ஐந்து முதல் ஏழு நாட்களோடு முடிவது. பழைய சீட்டைக் காட்டி அதையே மாதக்கணக்கில் வாங்கி விழுங்குவது சர்க்கரை நோய், எலும்புத் தேய்வு, கண்புரை ஆகியவற்றில் கொண்டுபோய் விடும். நெடுநாள் எடுத்தவர்கள் அதைத் திடீரென்று நிறுத்துவதும் ஆபத்து. படிப்படியாகக் குறைக்க மருத்துவர் வேண்டும்.

கடும் இழுப்பு வந்தால் படுக்காதீர்கள். நிமிர்ந்து உட்கார்ந்து, சால்புட்டமாலை ஸ்பேசர் வழியாக ஒவ்வொன்றாக நான்கு முறை அழுத்தி, ஒவ்வோர் அழுத்தலுக்கும் நான்கு மூச்சு இழுங்கள். நான்கு நிமிடம் பார்த்தும் குறையவில்லை என்றால் 108ஐ அழைத்துவிட்டு, வண்டி வரும்வரை அதையே திரும்பச் செய்யுங்கள். ஃபார்மோட்டரால் இன்ஹேலரை நிவாரணியாகக் கொண்டவர்களுக்கு எண்ணிக்கை வேறு. ஃப்ரிட்ஜ் கதவிலுள்ள தாளின்படி நடக்க வேண்டும். ஒரு வாக்கியத்தை முழுதாகப் பேச முடியாமை, உதடு நீலமாதல், தூக்கக் கலக்கம், விரல் கருவியில் ஆக்சிஜன் 92க்குக் கீழே இறங்குதல் ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும் நான்கு நிமிடம்கூடக் காத்திருக்க வேண்டாம். மூச்சு இன்னும் திணறும்போதே வீசிங் சத்தம் நின்றுபோவது குணமாவதன் அறிகுறி அன்று. சத்தம் எழுப்பும் அளவுக்குக்கூட காற்று போகவில்லை என்பதே அதன் பொருள். இதை வீட்டிலுள்ள ஒவ்வொருவருக்கும், பள்ளிக்குச் செல்லும் பிள்ளைக்கும்கூட, முன்னரே சொல்லிவையுங்கள். மருத்துவமனையிலிருந்து திரும்பிய இரண்டு மூன்று நாட்களுக்குள் வழக்கமான மருத்துவரை நோட்டுப் புத்தகத்தோடு பார்த்து, அந்தத் தாளில் என்ன மாற்ற வேண்டும் என்று கேளுங்கள்.