விக்கிப்பீடியா பயிலரங்கு: நேரில் நடத்துவதும் இணையவழியில் நடத்துவதும்

தமிழ் விக்கிப்பீடியாவில் எழுதக் கற்றுக்கொடுக்கும் பயிலரங்குகளை நேரில் நடத்திப் பழகியவர்கள், அதே நிகழ்ச்சி நிரலை இணையத்துக்குக் கொண்டுபோகும்போதுதான் பெரும்பாலும் சறுக்குகிறார்கள். அரங்கில் வரிசைகளுக்கிடையே ஒருமுறை நடந்து வந்தாலே, யார் பின்தங்கியிருக்கிறார், யார் தமிழ்த் தட்டச்சு வராமல் விசைப்பலகையையே பார்த்துக்கொண்டிருக்கிறார் என்பது பயிற்றுநருக்குத் தெரிந்துவிடும். இணையத்தில் தடுமாறுபவர் தாமே சொன்னால்தான் உண்டு. அப்படிச் சொல்பவர்களோ மிகச் சிலர்.

எனவே இணையவழியில் "யாருக்காவது சந்தேகம் உண்டா?" என்று கேட்பதை நம்பியிருக்காதீர்கள். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை ஏதேனும் ஒரு சிறு செயலைச் செய்யச் சொல்லுங்கள்: தம் மணல்தொட்டியில் (எழுதிப் பழகுவதற்கென உள்ள பக்கம்) சொந்த ஊரைப் பற்றி ஒரு வரி எழுதிச் சேமிக்கட்டும். யார் சேமித்தார்கள் என்பதை விக்கிப்பீடியாவில் நடக்கும் தொகுப்புகளைப் பட்டியலிடும் 'அண்மைய மாற்றங்கள்' பக்கம் உடனே காட்டிவிடும். அதில் பெயர் வராதவரே உதவி தேவைப்படுபவர். அவரைப் பலர் முன்னிலையில் பெயர் சொல்லி அழைக்காமல், துணைப் பயிற்றுநர் ஒருவர் இணையக் கூட்டத்துக்குள்ளேயே தனி அறைக்கு அழைத்துச் சென்று, அவருடைய திரையைப் பகிரச் சொல்லிப் பார்ப்பது நல்லது. பயிற்றுநர் தம் திரையைக் காட்டிக்கொண்டே போவதைவிட, கற்பவரின் திரையைப் பார்ப்பதில்தான் கற்பித்தல் நடக்கிறது என்பது என் உறுதியான கருத்து. அதனால் துணைக்கு ஆள் இல்லாமல் இணையவழிப் பயிலரங்கை நடத்தவே வேண்டாம்.

கைப்பேசியில் இணைபவர்களால் பாடத்தைப் பார்த்துக்கொண்டே அதே திரையில் தொகுப்பது கடினம் என்பதால், ஐந்து நிமிடம் காட்டிவிட்டுப் பத்து நிமிடம் செய்யவிடுங்கள். ஜூமின் கட்டணமில்லாச் சேவையில் கூட்டம் 40 நிமிடத்தில் முடிந்துவிடும். அதற்குள் அடங்கும்படி பாடத்தைப் பிரித்துக்கொண்டால் களைப்பும் குறையும்.

நேரடிப் பயிலரங்குக்கே உரிய இடர் ஒன்று உண்டு. ஒரே ஐபி முகவரியிலிருந்து (இணைய இணைப்பின் அடையாள எண்) ஒரு நாளில் ஆறு கணக்குகளுக்கு மேல் தொடங்க விக்கிப்பீடியா பொதுவாக அனுமதிப்பதில்லை. கல்லூரி ஆய்வகத்தில் முப்பது பேர் ஒரே இணைப்பில் அமர்ந்தால், ஏழாமவர் கணக்குத் தொடங்கும்போதே வேலை நின்றுவிடும். முந்தைய நாளே வீட்டிலிருந்து கணக்குத் தொடங்கி, கடவுச்சொல்லைக் குறித்துக்கொண்டு வரும்படி அனைவரிடமும் சொல்லிவிடுங்கள். அவரவர் வீட்டிலிருந்து இணையும் இணையவழிப் பயிலரங்கில் இந்தத் தொல்லை பெரும்பாலும் எழாது.

ஆனால் நூல்களைப் புரட்டிச் சான்று சேர்க்கப் பழக்குவதற்கு அரங்குதான் ஏற்றது. மேசையில் பத்து நூல்களைப் பரப்பி, இருவர் இருவராக அமர்த்தி, பக்க எண்ணோடு சான்று இடச் செய்தால் ஒரு மணி நேரத்தில் கைவந்துவிடும். இணையத்தில் இதே பயிற்சியைத் தருவதாயின், நூல் பக்கங்களின் படங்களை முன்னதாகவே அனுப்பிவையுங்கள்.

எந்த வகையில் நடத்தினாலும், மறுநாள் ஒவ்வொருவருடைய மணல்தொட்டியையும் திறந்து பார்த்து, அவரவர் பேச்சுப் பக்கத்தில் (பயனருக்குச் செய்தி எழுதும் பக்கம்) அவர் எழுதியதைக் குறிப்பிட்டு இரண்டு வரி எழுதுங்கள்.