ஷிபுசாஷிராசு ஆர்கெஸ்ட்ரா: முதல்முறை கேட்பது எப்படி?

ஜாஸ், ராக், கட்டற்ற மனோதர்மம் மூன்றும் ஒரே மூச்சில் வந்து மோதுவதால், இந்த ஜப்பானியக் குழுவைப் புதிதாகக் கேட்பவர்கள் திணறிப்போவார்கள். எதைப் பற்றிக்கொள்வது என்று தெரிந்துவிட்டால் போதும், இதைவிட உற்சாகமான இசை அரிது.

முதலில் ஆல்பம் வேண்டாம், மேடைக் கச்சேரியின் வீடியோவைப் பாருங்கள். பேஸ் கலைஞர் ஃபுவா டைசுகே 1989-இல் இக்குழுவைத் தொடங்கியதே நாடகத்துக்கு இசை வழங்கத்தான். அந்த நாடகத்தன்மை இன்றும் விட்டுப்போகவில்லை. ஊதுகருவிகள் அலறிக்கொண்டிருக்க, உடலெங்கும் வெள்ளை பூசிய, 'புட்டோ' என்ற ஜப்பானிய நவீன நடனத்தின் கலைஞர்கள் அங்குலம் அங்குலமாக நகர்வார்கள். இந்த முரணைக் கண்ணால் பார்க்காமல் கேட்டால் பாதி போய்விடும்.

அடுத்து, 'நாடாம்' என்ற அவர்களுடைய புகழ்பெற்ற உருப்படியை எடுத்துக்கொள்ளுங்கள். துள்ளலான வேகம், எல்லோரும் சேர்ந்து ஊதும் எளிய மெட்டு. அந்த மெட்டை நீங்களே முணுமுணுக்கும்வரை திரும்பத் திரும்பக் கேளுங்கள். இந்தப் படியைத் தயவுசெய்து தாண்டிவிடாதீர்கள். பிறகு வரும் களேபரத்தில் உங்களுக்குத் துணை அது ஒன்றுதான்.

இப்போது அதே வீடியோவில் ஃபுவாவின் கைகளை மட்டும் கவனியுங்கள். அவர் குழுவின் முன்னால் நின்று சைகை காட்டுவார். ஒரு விரல் நீளும், சாக்ஸபோன்காரர் தனியே கிளம்புவார். கை உயரும், மொத்தக் குழுவும் மெட்டுக்குள் பாயும். யார், எப்போது, எவ்வளவு நேரம் என்பது பெரும்பாலும் அந்த இடத்திலேயே முடிவாகிறது. அதனால்தான் ஒரே உருப்படி ஒரு கச்சேரியில் ஒரு மாதிரியும் அடுத்ததில் வேறு மாதிரியும் ஒலிக்கிறது.

தனி வாசிப்பின்போது சாக்ஸபோன் சுருதியை விட்டு விலகிக் கதறத் தொடங்கும். அப்போது காதை பேஸுக்கும் டிரம்ஸுக்கும் மாற்றுங்கள். அங்கே ராக் இசையின் அழுத்தமான தாளக்கட்டு விடாமல் ஓடிக்கொண்டிருக்கும். அதன்மேல் காலூன்றி மேலே கேட்டால், அந்தக் கதறலுக்கும் ஒரு வடிவம் இருப்பது புலப்படும்.

இது பழகியபின் ஜப்பானிய கிட்டார் கலைஞர் ஓட்டோமோ யோஷிஹிடேயின் நியூ ஜாஸ் ஆர்கெஸ்ட்ராவுக்குப் போகலாம். அமெரிக்க ஜாஸ் சாக்ஸபோன் கலைஞர் எரிக் டால்ஃபியின் 1964-ஆம் ஆண்டு ஆல்பமான 'அவுட் டு லஞ்ச்' முழுவதையும் அவர்கள் 2005-இல் மறுவாசிப்பு செய்தார்கள். டால்ஃபியின் மூலத்தை முதலில் கேட்டுவிட்டு இதற்கு வாருங்கள்.