வெள்ளி இரவு ரயில், சனி காலை தரங்கம்பாடி: பெங்களூருவிலிருந்து இரண்டு நாள் பயணம்

ஒரு காலத்தில் டேனிஷ்காரர்கள் கோட்டை கட்டி ஆண்ட கடலோர ஊரான தரங்கம்பாடிக்குப் பெங்களூருவிலிருந்து கிளம்புகிறவர்களில் பலர் சனிக்கிழமை விடியற்காலையில் காரை எடுக்கிறார்கள். நானூறு கிலோமீட்டருக்கு மேல் ஓட்டி, வழியில் இரண்டு இடத்தில் நின்று, போய்ச் சேரும்போது பொழுது சாய்ந்திருக்கும், கோட்டையையும் மூடியிருப்பார்கள். ஞாயிறு எழுந்ததும் திரும்பி ஓட்டும் கவலை வந்துவிடும். இந்த ஊருக்கு அழகே விடியலிலும் அந்தியிலும்தான். அவை இரண்டும் முழுசாகக் கிடைக்க வேண்டுமென்றால் போக, வர இரவு ரயில். நடுவில் ஓர் இரவு ஊரிலேயே தங்கல்.

ரயில் டிக்கெட்

மைசூருவிலிருந்து பெங்களூரு வழியாக வரும் 16232 வண்டியைப் பிடியுங்கள். இன்னும் பலர் 'மயிலாடுதுறை எக்ஸ்பிரஸ்' என்றே சொன்னாலும், வண்டி இப்போது கடலூர் துறைமுகம் வரை போவதால் பலகையில் கடலூர் என்றுதான் இருக்கும். மாலை ஏழு மணியை ஒட்டி பெங்களூரு மெஜஸ்டிக் ரயில் நிலையத்திலிருந்து கிளம்பி, ஒசூர், சேலம், திருச்சி, தஞ்சாவூர், கும்பகோணம் வழியாகக் காலையில் மயிலாடுதுறை சேரும். அங்கே இறங்கித்தான் தரங்கம்பாடிக்குப் பேருந்து பிடிக்க வேண்டும். நேரம் அவ்வப்போது மாறும். டிக்கெட் போடும்போது ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். மயிலாடுதுறை கடைசி நிலையம் இல்லை என்பதால் அலாரம் வைத்துத் தூங்குங்கள். அசந்துவிட்டால் சீர்காழியில்தான் கண் விழிப்பீர்கள்.

முன்பதிவு 60 நாளுக்கு முன் திறக்கும். முதலில் திரும்பும் டிக்கெட்டைப் போடுங்கள், 16231. தஞ்சாவூர், கும்பகோணம் பக்கத்துக்காரர்கள் திங்கட்கிழமை வேலைக்கு ஞாயிறு மாலை இதே வண்டியில்தான் பெங்களூரு திரும்புகிறார்கள். அதனால் போகும் டிக்கெட் கிடைத்து, வரும் டிக்கெட் வெயிட்டிங்கில் நிற்பது வழக்கம். தட்கலை நம்புவதானால் அது முந்தின நாள் ஏசிக்குக் காலை 10 மணிக்கும், ஸ்லீப்பருக்கு 11 மணிக்கும் திறக்கும். ஞாயிறு வண்டிக்கு என்றால் நீங்கள் ஊர் சுற்றும் சனிக்கிழமை காலை. ஆதார் சரிபார்த்த கணக்கு இல்லாவிட்டால் ஆன்லைனில் தட்கல் போட முடியாது. அதைக் கிளம்பும் முன்பே முடித்துவிடுங்கள்.

வெள்ளி மாலை ஒயிட்பீல்டு, மாரத்தஹள்ளி பக்கத்திலிருந்து கேப் பிடித்து மெஜஸ்டிக் போவது ஆபத்து. மழை பெய்தால் ரயில் போய்விடும். பெரிய பையை வீட்டிலேயே விட்டு, முதுகுப் பையோடு பர்ப்பிள் லைன் மெட்ரோவில் ஏறினால் ரயில் நிலைய வாசலிலேயே இறங்கலாம்.

ரயில் கிடைக்கவில்லையென்றால் கும்பகோணத்துக்கு இரவுப் பேருந்து உண்டு. அங்கிருந்து மயிலாடுதுறைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும்.

மயிலாடுதுறையிலிருந்து

ஜங்ஷனும் பேருந்து நிலையமும் அடுத்தடுத்து இல்லை, ஆட்டோ வேண்டும். காரைக்கால் பேருந்தில் ஏறுங்கள். ஆனால் பேரளம் வழியாகப் போகும் காரைக்கால் பேருந்தும் இருக்கிறது. அது தரங்கம்பாடியைத் தொடாது. "ஆக்கூர், திருக்கடையூர் வழியாப் போகுமா அண்ணா?" என்று கண்டக்டரிடம் கேட்டுவிட்டு ஏறுங்கள். தரங்கம்பாடியில் சாலையோரம் இறங்கினால் கடற்கரை வரை நடக்கும் தூரம்தான்.

அறையை ரயில் டிக்கெட் போட்ட அன்றே பேசி முடியுங்கள். கோட்டையைச் சுற்றித் தங்குமிடங்கள் குறைவு. தை, மாசி வாரக்கடைசிகளில் முதலில் தீர்வது கடல் பக்கத்து அறைகள். நீங்கள் ஒன்பது மணிக்குள் போய்விடுவீர்கள், அறை பெரும்பாலும் நண்பகலில்தான் தருவார்கள். பையை வைத்துக் குளிக்க இடம் உண்டா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

சனிக்கிழமை

தேவாலயங்களைச் சனிக்கிழமை காலையிலேயே பார்த்துவிட வேண்டும். ஞாயிறு காலை ஆராதனை நடக்கும்; வேடிக்கை பார்க்கப் போகும் நேரம் அல்ல அது.

1792இல் கட்டிய ஊர்வாசலில் தொடங்குங்கள். உள்ளே நேராகக் கடலை நோக்கிப் போகும் தெருதான் ராஜ வீதி. சீயோன் தேவாலயம் 1701ஆம் ஆண்டைச் சேர்ந்தது. அதே வீதியில் இருக்கும் புதிய எருசலேம் தேவாலயம் 1718இல் முடிந்தது. சிலுவை வடிவக் கட்டடம். உள்ளே நுழையும் முன் முகப்பை அண்ணாந்து பாருங்கள்: டென்மார்க் அரசர் நான்காம் பிரடெரிக்கின் கிரீடமும் பெயரெழுத்தும் சுதையில் இருக்கின்றன. உள்ளே ஜெர்மானிய கிறிஸ்தவ மிஷனரி சீகன்பால்கு அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார். 1706 ஜூலையில் கரையிறங்கி, திண்ணைப் பள்ளிப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் விரலால் தமிழ் எழுதிப் பழகியவர். 1719இல் இறந்தபோது வயது 36.

தமிழ் வாசிக்கிறவர்கள் அவர் வாழ்ந்த வீட்டிலிருக்கும் அருங்காட்சியகத்துக்குத் தாராளமாக ஒரு மணி நேரம் ஒதுக்க வேண்டும். ஜெர்மனியின் ஹாலேயில் வார்த்து அனுப்பிய தமிழ் அச்செழுத்துகள் மிகப் பெரியவை. பக்கத்துக்குச் சில வரிதான் பிடிக்கும், காகிதத்தைத் தின்றுவிடும். அதனால் இங்கேயே சின்ன எழுத்துகளை வார்த்தார்கள், பக்கத்துப் பொறையாறில் காகிதப் பட்டறையும் போட்டார்கள். 1715இல் தமிழ்ப் புதிய ஏற்பாடு முழுதாக வெளிவந்தது. தமிழில் முதல் அச்சு நூல் இது அல்ல, 1578இலேயே கொல்லத்தில் ஒன்று வந்துவிட்டது. ஆனால் தமிழ் அச்சு நிலைத்துத் தொடர்ந்து ஓடியதில் இந்தத் தெருவுக்குப் பெரிய பங்கு உண்டு.

பதினொன்றுக்கு மேல் வெயிலில் நடக்காதீர்கள். சாப்பிட்டுத் தூங்கி, மூன்றரைக்குக் கோட்டைக்குப் போங்கள். 1620இல் தஞ்சை ரகுநாத நாயக்கரோடு செய்த ஒப்பந்தத்தின்படி டேனிஷ்காரர்கள் கட்டிய டான்ஸ்போர்க் இது. கீழ்த்தளத்தின் வளைவு அறைகள் கிடங்காகவும் சிறையாகவும் இருந்தவை. வெளியே கொளுத்தினாலும் உள்ளே சுவரில் கை வைத்தால் குளிரும். மேல்தளம் ஆளுநர் வீடு, இப்போது அருங்காட்சியகம். 1845இல் இந்த ஊரையும் வங்காளத்துச் செராம்பூரையும் சேர்த்துப் பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்கு ஆங்கிலேயர்களிடம் விற்றுவிட்டுப் போனார்கள்.

கடலில் இறங்கிக் குளிக்க வேண்டாம். அரிப்பைத் தடுக்கக் கொட்டிய கருங்கற்கள் தண்ணீருக்கடியிலும் கிடக்கின்றன, இழுப்பும் அதிகம். கால் நனைப்பதோடு நிறுத்துங்கள்; பிள்ளைகள் கையை விடாதீர்கள்.

சாப்பாடு

ஊருக்குள் உணவகம் கொஞ்சம்தான். இரவு எட்டு மணிக்குப் போய் மீன் கேட்டால் இருக்காது. மதியமே சொல்லிவைத்தால் தங்குமிடத்தில் வஞ்சிரமோ கொடுவாவோ வாங்கிச் சமைத்துத் தருவார்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். அப்போது மீன் குறைவு, விலையும் ஏறும். சைவச் சாப்பாட்டுக்குப் பொறையாறு வசதி, ஏடிஎம்மும் அங்கே பார்த்துக்கொள்ளலாம். காரைக்கால் புதுச்சேரி எல்லைக்குள் வருவது. அங்கே மது வாங்கித் தமிழ்நாட்டுக்குள் கொண்டுவந்தால் சோதனைச் சாவடியில் மாட்டுவீர்கள்.

ஞாயிறு

ஐந்தரைக்கு எழுந்து மாசிலாமணி நாதர் கோயிலுக்கு நடங்கள். 1306இல் மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்துக் கோயில். முன்பகுதியைக் கடல் கொண்டுபோய்விட்டது. வங்கக் கடல் என்பதால் சூரியன் நேரே தண்ணீரிலிருந்து எழும்.

காலைச் சிற்றுண்டிக்குப் பின் திருக்கடையூர் கோயில், எட்டு கிலோமீட்டர் போல. அறுபதாம் கல்யாணம், எண்பதாம் கல்யாணம் செய்ய வருகிற குடும்பங்களால் ஞாயிறு நெரிசல் உண்டு. நண்பகலில் நடை சாத்திவிட்டு மாலையில்தான் திறப்பார்கள், அதனால் ஒன்பதுக்குள் போய்விடுங்கள். 'மாலை ரயிலுக்குப் போகும் வழிதானே' என்று தள்ளிப்போட்டால் மூடிய கதவைத்தான் பார்ப்பீர்கள்.

திருநள்ளாறு, நாகூர், வேளாங்கண்ணி மூன்றையும் இதே ஞாயிற்றில் சேர்க்கச் சொல்லும் கார் ஓட்டுநர்களுக்கு வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அவற்றுக்கு ஒரு நாள் தனியாக வேண்டும். மதியம் சாப்பிட்டு, மூன்று மணிக்குள் மயிலாடுதுறை பேருந்தில் ஏறினால் பதற்றமில்லாமல் ரயிலைப் பிடிக்கலாம்.

ஜனவரி, பிப்ரவரி மிக நல்ல காலம். நவம்பரில் பதிவு செய்வதானால், புயல் சின்னம் வந்தால் பணத்தைத் திருப்பித் தருவார்களா என்று தங்குமிடத்தில் கேட்டு, எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.