கேற் வெல்டிங்: எந்த அளவில் கறாராக இருக்கவேண்டும்?

கொழும்பு பழைய சோனகத் தெருவில் பெட்டி இரும்பு வாங்கி வீட்டுக்குக் கேற் செய்விக்கிறீர்களா? ஒவ்வொரு துண்டையும் அரை மில்லிமீற்றருக்குப் பார்க்கத் தேவையில்லை. வெல்டிங் ஆறும்போது இரும்பு சுருங்கி இழுக்கும், வெல்டிங் வேலையின் அளவுப் பிழைகளுக்கான சர்வதேசத் தரமான ஐ.எஸ்.ஓ. 13920 இன் பி வகுப்பே 1 முதல் 2 மீற்றர் வரையான நீளத்துக்கு 4 மில்லிமீற்றர் கூடவோ குறையவோ விடுகிறது.

மூலைமட்டம்தான், அதாவது மூலைகள் சரியாக 90 பாகையில் இருப்பதுதான் முக்கியம். முதலில் புள்ளி வெல்டிங் மட்டும் வைத்து, இரண்டு மூலைவிட்டங்களையும் அளந்து பாருங்கள். வித்தியாசம் 2 மில்லிமீற்றருக்குள் வந்தபிறகே முழுதாக ஒட்டச் சொல்லுங்கள். பிணைச்சல்கள் ஒரே நேர்கோட்டில் இருக்கவேண்டும், அதில் விட்டுக்கொடுக்கவே வேண்டாம்.

அப்புறம், கொழும்பு வெயிலில் இரும்பு 30 பாகை கூடுதலாகச் சூடேறினால் 3 மீற்றர் கேற் கிட்டத்தட்ட 1 மில்லிமீற்றர் நீளும். தூணோடு ஒட்டினாற்போல் அளவெடுக்க விடாதீர்கள்.