வட்டவாரி மழைக் கோப்பைப் பஃபர் வழியாகப் படிக்கும் முறை

வேலூர் மாவட்டத்தின் அன்றாட மழையளவு, வட்டம், தேதி, மில்லிமீட்டர் என்ற மூன்று புலங்களுடன், தலைப்பு வரியில்லாத சிஎஸ்வி கோப்பாக (புலங்களைக் காற்புள்ளியால் பிரிக்கும் உரைக்கோப்பு) இருப்பதாகக் கொள்வோம். ஒவ்வொரு வட்டத்தின் மொத்த மழையையும் கூட்டி அச்சிடுவதே நோக்கம். குடியாத்தத்தின் வரிகள் அனைத்தும் முடிந்த பின்னரே காட்பாடியின் வரிகள் தொடங்கும்படி அது முன்பே வரிசைப்படுத்தப்பட்டிருக்க வேண்டும். ஜாவா நிரல்மொழியில் கோப்பைப் படிக்க உதவும் பஃபர்டுரீடர், இயல்பாக 8192 எழுத்துகள் கொள்ளும் பஃபரை (தற்காலிக நினைவக இடத்தை) நிரப்பிக்கொண்டு, அதன் ரீட்லைன் கட்டளையால் கேட்கும்போதெல்லாம் அதிலிருந்து ஒரு வரியைத் தருவதால், கோப்பு எவ்வளவு பெரிதானாலும் நடப்பு வட்டத்தின் பெயரும் கூட்டுத்தொகையும் நினைவகத்தில் இருந்தால் போதும்.

புதிய வரியின் வட்டம் முந்தையதோடு ஒத்தால் மழையளவைக் கூட்டுங்கள். மாறினால் பழைய தொகையை அச்சிட்டுவிட்டுப் புதிதாகத் தொடங்குங்கள். வட்டப் பெயர்களை ஒப்பிடுவதற்கு எழுத்துகளையே ஒப்பிடும் ஈக்வல்ஸ் வேண்டும், இரட்டைச் சமக்குறி (==) உதவாது. கோப்பு தீர்ந்ததும் ரீட்லைன் 'நல்' (null, எதுவுமில்லை) என்று தந்து சுழற்சி முடிந்த பிறகு கடைசி வட்டத்தைத் தனியே அச்சிட வேண்டும். பலர் கோட்டை விடுவது இங்கேதான்.

'அணைக்கட்டு,05-11,' என்ற வரியை, சரத்தைத் துண்டுகளாக்கும் ஸ்பிளிட் கொண்டு காற்புள்ளியில் பிரித்தால், இறுதியிலுள்ள வெற்றுப் புலத்தை அது உதிர்த்துவிட்டு இரண்டு துண்டுகளையே தரும். இரண்டாம் அளவுருவாக -1 கொடுத்தால் மூன்றும் கிடைக்கும். அந்த வெற்றிடத்தைச் சுழியாகக் கருதாமல் விட்டுவிடுவதே சரி என்பேன், ஏனெனில் மழை பெய்யாததும் அளவு பதிவாகாததும் வேறு வேறு.

கோப்பில் முதலில் வரும் குடியாத்தம் மட்டும் இருமுறை அச்சானால், எக்செல் யுடிஎஃப்-8 (எழுத்துக் குறியாக்க முறை) கோப்பின் தொடக்கத்தில் சேர்க்கும் கண்ணுக்குத் தெரியாத பிஓஎம் குறியை ஐயுறுங்கள்; அது முதல் வரியின் வட்டப் பெயரோடு ஒட்டிக்கொள்வதால் அப்பெயர் அடுத்த வரியோடு ஒத்துப்போகாது. ஜாவா அதைத் தானாக நீக்காது, முதல் வரியில் நீங்களே நீக்க வேண்டும்.