செக்பாக்ஸ் பட்டியல் ஃபீல்ட்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

இணையதளப் படிவத்தில் பல விருப்பங்களை டிக் செய்து தேர்ந்தெடுக்க வைக்கும் செக்பாக்ஸ் ஃபீல்டில் வரும் தலைவலிகளில் பாதி, விருப்பங்களைத் தட்டச்சு செய்யும்போதே தொடங்கிவிடும். ஒவ்வொரு விருப்பத்துக்கும் இரண்டு பகுதி உண்டு: டேட்டாபேஸில் சேமிக்கப்படும் மதிப்பு, திரையில் தெரியும் லேபிள். லேபிளை மட்டும் எழுதினால் பெரும்பாலும் அதுவே மதிப்பாகவும் பதிவாகும். பிறகு "வாகன நிறுத்தம்" என்பதை "பார்க்கிங் வசதி" என்று மாற்றினால், பழைய பதிவுகளில் பழைய சொல்லே இருக்கும். எடிட் பக்கத்தில் டிக் காணாமல் போகும். வேறு எதையோ திருத்த அந்தப் பதிவைத் திறந்து சேமித்தால் பழைய தேர்வும் சத்தமில்லாமல் அழியும். (பயன்பாட்டில் உள்ள மதிப்பை நீக்கவே விடாத, ட்ரூபல் என்ற தளம் உருவாக்கும் மென்பொருளின் பிடிவாதம் இங்கே நல்லதுதான்.)

மதிப்பைச் சிறிய ஆங்கில எழுத்துகளில், இடைவெளியின்றி வையுங்கள்; வைத்தபின் தொடாதீர்கள். லேபிளை எத்தனை முறையும் மாற்றலாம். வேர்ட்பிரஸில் ஏசிஎஃப் (கூடுதல் ஃபீல்டுகளைச் சேர்க்கும் ப்ளகின்) பயன்படுத்துபவர்கள் வரிக்கு ஒன்றாக மதிப்பு, முக்காற்புள்ளி (:), லேபிள் என்று எழுதுவார்கள். முக்காற்புள்ளியின் இருபுறமும் இடைவெளி விடவேண்டும். ஒட்டி எழுதினால் வரி முழுவதும் மதிப்பாகிவிடும்.

மதிப்புக்கு 1, 2, 3 என்று எண் கொடுக்காதீர்கள். ஏசிஎஃப் தேர்வுகளை ஒரே ஒரு நீண்ட எழுத்துச்சரமாகச் சேமிக்கிறது. எத்தனை தேர்வு, ஒவ்வொன்றும் எத்தனை எழுத்து என்ற எண்களும் அதற்குள்ளேயே இருக்கும். 2 மட்டும் டிக் செய்த பதிவிலும் 1 என்ற எண் இருக்கும் என்பதால், 1-ஐத் தேடினால் அதுவும் வந்து நிற்கும். சொற்களை மதிப்பாக வைத்தாலும், டேட்டாபேஸின் லைக் தேடலில் (எழுத்துச்சரத்தின் ஒரு பகுதி பொருந்தினாலும் எடுத்துத் தரும் தேடல்) இரட்டை மேற்கோள் குறிகளோடு சேர்த்தே தேடுங்கள். இல்லாவிட்டால் "கார்" தேடும்போது "கார்பெட்"டும் சிக்கும்.

தளத்தின் டெம்ப்ளேட்டில் இந்த ஃபீல்டை நேரடியாக எக்கோ (பிஎச்பியின் அச்சிடும் கட்டளை) செய்தால், தேர்வுகளுக்குப் பதில் "அரே" (பட்டியல்) என்ற சொல்தான் அச்சாகும். லூப் போட்டு ஒவ்வொரு தேர்வாக எழுதுங்கள். அதற்குமுன் காலியா என்று பாருங்கள், எதுவும் தேர்வாகாத பதிவில் லூப் எச்சரிக்கை கக்கும்.

சொந்தமாகப் படிவம் எழுதுபவர்களுக்கு ஒன்று: டிக் இல்லாத பெட்டியைப் பற்றி பிரவுசர் சர்வருக்கு எதையுமே அனுப்பாது. எல்லா டிக்கையும் எடுத்துவிட்டுச் சேமித்தாலும் பழைய தேர்வு அப்படியே நிற்பது இதனால்தான். அதே பெயரில், காலி மதிப்போடு ஒரு ஹிட்டன் ஃபீல்டை (திரையில் தெரியாத ஃபீல்ட்) பெட்டிகளுக்கு முன்னால் வைத்து, சர்வரில் அந்தக் காலி மதிப்பை வடிகட்டிவிடுங்கள்.

ஆம், இல்லை என்ற ஒற்றைக் கேள்விக்கு இந்த ஃபீல்ட் வேண்டாம். ஒன்றை மட்டும் தேர்வு செய்ய ரேடியோ பட்டன் போதும். பட்டியல் வளர்ந்துகொண்டே போகும், வாசகர்கள் அதை வைத்து வடிகட்டுவார்கள் என்றால் டாக்ஸானமிக்கு (பதிவுகளை வகைப்படுத்தும் வசதி) போய்விடுங்கள்.